ராகி விளையும் மாதத்து யானைகள்

ஐப்பசி முடிவதற்குள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கொல்லைகளில் பரண் கட்டிவிடுவார்கள். ராகிக் கதிர் பால் பிடிக்கும் நேரம் அது. அதே நாட்களில்தான் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்குகின்றன. ஊடேதுர்க்கம், சானமாவு எனச் சிறிய காப்புக்காடுகளில் பகலைக் கழித்து, இருட்டியதும் கொல்லைக்குள் நுழைகின்றன. ஊரே பட்டாசும் டார்ச் விளக்குமாக விழித்திருக்கும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு மிதிபட்டுப் போவதுண்டு.

காட்டு விலங்கு ஊருக்குள் புகுந்தது என்று மறுநாள் செய்தி வரும். நடந்ததில் பாதியைத்தான் அது சொல்கிறது. யானை எந்த மாதம் கிளம்ப வேண்டும், எந்த வழியில் போக வேண்டும் என்பதை வகுத்ததில் மனிதனுக்குப் பெரும் பங்கு உண்டு. ராகியின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அதைக் கைமாற்றிக் கைமாற்றி இந்த மேட்டுநிலம் வரை கொண்டு சேர்த்தவர்கள் உழவர்கள். யானை வழியில் இறங்கித் தண்ணீர் குடிக்கும் ஏரிகளும் மண் சுமந்து கரை போட்டவை. காடு என்று நாம் பிரித்துச் சொல்வதிலும் கொல்லை என்று சொல்வதிலும் ஒரே கைகளின் வேலை இருக்கிறது.

அந்த வேலை மிகப் பழையது. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, குழி தோண்டிக் குடியிருந்த புதிய கற்கால மக்களைக் காட்டியது. அக்காலத்து வழவழப்பான கற்கோடரிகளை மஞ்சள் பூசிச் சாமியாகக் கும்பிடும் கிராமங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்றும் உண்டு. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. சிவகளை அகழாய்வின் காலக்கணிப்புகள் 2025-இல் அதையும் முந்திவிட்டன. எத்தனை ஆண்டுப் பழமை என்ற பெருமையோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த இரும்பை உருக்க எத்தனை மரம் கரியாயிற்று என்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது என்பது என் எண்ணம். உலை மூட்டக் கரி வேண்டும். கரிக்கு மரம் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் வெயில் விழும், புல் முளைக்கும், மாடு வரும்.

மாடு வந்ததற்கு நடுகற்களே சாட்சி. ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கும், புலியோடு பொருது மாண்டவர்களுக்கும் இம்மாவட்டத்தில் கற்கள் நிற்கின்றன. புலி திரிந்த காட்டுக்குள்ளேயே மேய்ச்சலும் நடந்திருக்கிறது. ஆலம்பாடி இன மாடுகளைக் காட்டுப் பட்டிகளில் அடைத்து மேய்க்கும் வழக்கம் அதன் தொடர்ச்சி. பட்டிச் சாணம் மண்ணை என்ன செய்யும் என்பதற்குக் கென்யாவில் விடை கிடைத்திருக்கிறது. 1,550 முதல் 3,700 ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட பட்டிகள் இன்றும் சத்து மிகுந்த புல்திட்டுகளாக இருந்து காட்டு விலங்குகளை ஈர்க்கின்றன என்று 2018-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதன் தொட்டதெல்லாம் பாழ் என்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தொடுகையும் ஒன்றல்ல. அமெரிக்க வெப்பமண்டலத்து உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. இன்று காவிரிக் காடுகளில் அதன் புதருக்கடியில் புல் முளைப்பதில்லை. புல் குறைந்தால் யானைக்கு ராகிக் கொல்லை இன்னும் கிட்டத்தில் தெரியும். கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு வைத்துவந்த சிறு தீயைத் தடுத்த பிறகே இச்செடி மண்டியது என்று பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர் பழங்குடியினர் சொல்கிறார்கள். அறிவியலாளர்கள் அதைப் பொருட்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பழைய கையை விலக்குவதும் காட்டை மாற்றும்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் மாற்றத்தின் வேகமே வேறு. 1980 வாக்கில் டி.வி.எஸ்ஸும் அசோக் லேலண்டும் ஓசூரில் உற்பத்தி தொடங்கின. அரை நூற்றாண்டுக்குள் சந்தை ஊர் மாநகராட்சி ஆயிற்று. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நிரம்பி வழிந்து தென்பெண்ணையில் சேர்கின்றன. அங்கே ஏரிகளில் கலக்கும் சோப்பு நீரும் கழிவும் ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையின் மதகு திறக்கும்போது நுரைமலையாக எழுகின்றன. அந்தத் தண்ணீர்தான் இங்கே வயலுக்குப் பாய்கிறது.

2014-இல் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயமும் 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் பெரிய வெற்றிகளே. ஆனால் சானமாவு போன்ற துண்டுக் காடுகளில் தங்கித் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் யானைக்குச் சரணாலய எல்லை மட்டும் போதாது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஏரிக்கும் ஓடைக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் சர்வே எண் இருக்கிறது, யானைத்தடத்துக்கு இல்லை. அடுத்த தொழிற்பூங்காவுக்கு நிலம் அளக்கும் முன் வனத்துறையின் யானைத்தட வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.