பேராசிரியரின் தண்ணீர்ப் பானை

நம் சங்கத்தின் உதவி பெற்றுப் பயின்ற இளைஞர் சிலர், கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்னும் விருப்பத்துடன் நம்மை நாடி வருகின்றனர். ஊதியம் எவ்வளவு, பணி எப்பொழுது நிரந்தரமாகும் என்பனவே அவர்தம் வினாக்கள். கேட்க வேண்டிய வினாக்களே. ஆயினும் பணியிடம் என்பது ஊதியத்தோடு முடிவதன்று. அதனை உணர 1918-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு நவம்பரில், பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக அண்ணல் அம்பேத்கர் பொறுப்பேற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, பின் இலண்டனில் தொடங்கிய படிப்பை, பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிவுற்றதால் இடையில் நிறுத்தித் திரும்பியவர் அவர். 1917-இல் பரோடா அரசுப் பணியில் ஏவலர்கள் கோப்புகளை அவர் மேசைமீது எறிந்தனர்; தங்க இடமும் கிடைக்கவில்லை. அந்நகரை நீங்கிய பின் கிடைத்ததே இப்பேராசிரியப் பணி. அதுவும் தற்காலிகப் பணி. மாத ஊதியம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை.

அவர்தம் விரிவுரையைக் கேட்கப் பிற கல்லூரி மாணவரும் அனுமதி பெற்று வந்து அமர்ந்தனர். வகுப்பறை அவரை ஏற்றது. ஆசிரியர் அறையோ ஏற்கவில்லை. பேராசிரியர்களுக்கென வைத்திருந்த பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதற்கு உடன்பணியாற்றிய சிலர் மறுப்புத் தெரிவித்தனர். கல்லாதார் செய்த செயலன்று இது. கல்லூரியில் கற்பித்தோர் செய்தது. கல்வி பரவினால் தீண்டாமை தானே அகலும் என்று மேடைகளில் முழங்குவோர் இப்பானையை மறந்துவிடுகின்றனர்.

களிமண்ணைப் பீங்கானாக்கும் ஊரில் வாழும் நமக்கும் இக்கதை புதிதன்று. நாம் முதன்முதலில் பணியேற்ற பள்ளியின் ஓய்வறையில் எவரும் எம்மிடம் கடுஞ்சொல் கூறியதில்லை. நாம் நீர் அருந்திய டம்ளரை மட்டும் பிறர் எடுப்பதில்லை. அதனைக் கண்டுகொள்ள நமக்கு ஓராண்டு ஆயிற்று.

அம்பேத்கர் அப்பதவியைத் தம் முடிவாகக் கொள்ளவில்லை. இலண்டன் படிப்பை முடிப்பதற்குப் பொருள் சேர்க்கும் வழியாகவே கொண்டார். ஊதியத்தில் மிச்சம் பிடித்ததும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனும் சேர, 1920 மார்ச்சில் பதவி துறந்து அவ்வாண்டே இலண்டன் சென்றார். 1935 சூன் முதல் நாள், அதே பம்பாயில் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்.

நம் மாநிலத்துத் தனியார் கல்லூரி ஆசிரியரின் வாழ்வும் நெடுங்காலம் நிருவாகத்தின் தயவிலேயே இருந்தது. 1976-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பின்னரே, உரிய அதிகாரியின் முன் ஒப்புதலின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தல் ஆகாது என்னும் காப்பு அவர்களுக்குக் கிடைத்தது. எனினும் அரசுக் கல்லூரிகளிலேயே கௌரவ விரிவுரையாளர் என்றொரு பிரிவினர் பெருகினர். பெயரில் மட்டும் கௌரவம் உண்டு. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வரையறுத்த பின்னரும், நம் இளைஞர் அதனினும் மிகக் குறைந்த தொகுப்பூதியத்திற்கே உழைத்தனர்.

அத்தகைய விரிவுரையாளர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் காண வந்தார். நம்மிடம் பயின்றவர். ஊதியத்தைப் பற்றிக் கேட்குமுன், "தம்பி, நண்பகலில் யாருடன் அமர்ந்து உண்கிறாய்?" என வினவினோம். மூவர் பெயரைக் கூறினார். அவர்களுள் இருவர் நம்மவர் அல்லர்.