கட்டபொம்மன் பெயரில் ஓடிய பேருந்து, சுந்தரலிங்கம் பெயரில் ஏன் ஓடவில்லை?



பொதுப் போக்குவரத்தைத் தனியாரிடம் விடலாமா என்ற கேள்வியை இன்று வெறும் நட்டக் கணக்காகவே பேசுகிறார்கள். கூடவே ஒரு வாதமும் வருகிறது: தனியாருக்குக் காசுதான் முக்கியம், ஏறுகிறவரின் சாதி அல்ல. இதை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரையும் உடன்வந்த சிறுவர்களையும் ஏற்றிச்செல்ல மாட்டுவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டிப்பு வாடகை தருவதாகச் சொன்ன பிறகே ஒருவர் இணங்கினார். அப்போதும் வண்டியைச் சிறுவர்கள்தான் ஓட்டினார்கள். அவர் கூடவே நடந்து வந்தார். காசு அங்கே தீட்டை ஒழிக்கவில்லை, தீட்டுக்கு விலை வைத்தது.

தென்மாவட்டங்களில் மோட்டார் வண்டி வந்தபோதும் இதே நிலைதான். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் வண்டிகளின் உரிமம் ரத்தாகும் என்று, 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது. தொழில் போட்டி செய்யாததை ஓர் உத்தரவு செய்தது.

1970களின் தொடக்கத்தில் பெரிய முதலாளிகளின் பேருந்துகள் அரசுடைமையாயின. 1974இல் நெல்லையில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. நமக்கு அதன் பொருள் மலிவான கட்டணம் மட்டுமல்ல. ஓட்டுநர், நடத்துநர் வேலைகளுக்கு இடஒதுக்கீடு வந்தது. ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாதவரின் மகன் காக்கிச் சட்டையோடு பயணச்சீட்டு கிழித்தார். காசை அவர் கையில் கொடுத்துத்தான் பயணம் போகவேண்டும். தாமிரபரணிக் கரையின் நிலவுடைமைச் சமூகத்துக்கு அது சிறிய மாற்றமல்ல. லாபம் மட்டும் பார்ப்பவர் தயங்கும் மாஞ்சோலை மலைப்பாதையிலும் தேயிலைத் தொழிலாளிகளுக்காக அரசுப் பேருந்து ஏறியது.

ஆனால் அரசுடைமை சாதியை ஒழித்துவிட்டது என்று நாம் சொல்ல முடியாது. 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி. தலைவன் பெயரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேருந்து ஓடியபோது யாரும் மறுக்கவில்லை. தலித் தளபதியின் பெயர் வந்ததும் அதில் ஏற மாட்டோம் என்றார்கள். வண்டிகள் தாக்கப்பட்டன, கலவரத்தில் உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? பெயரை நிலைநிறுத்தவில்லை. எல்லாக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர்களின் பெயரையும் சேர்த்து நீக்கியது. கட்டபொம்மனும் பேருந்திலிருந்து இறங்கினார். சமத்துவம் என்ற பெயரில் நடந்த பின்வாங்கல் அது.

இருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் பின்வாங்கலை நாம் சட்டமன்றத்திலும் தெருவிலும் கேள்வி கேட்க முடிந்தது, இன்றும் கேட்கிறோம். தனியார் முதலாளி ஒருவர் நம் குடியிருப்பில் வண்டியை நிறுத்தாமல் போனால், நம் பிள்ளைக்கு வேலை தராவிட்டால், "வருமானம் இல்லை", "தகுதி இல்லை" என்ற ஒரே பதிலோடு முடிந்துவிடும். அரசுப் பணிக்கான இடஒதுக்கீடு அவரைக் கட்டுப்படுத்தாது.

பேருந்து போகாத ஊர்களுக்கான வழித்தடங்கள் இன்று மினி பஸ் திட்டத்தில் தனியாருக்குப் போகின்றன. பேருந்து போகாத அந்த ஊர்களில் நம் குடியிருப்புகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அரசுக் கழகங்களிலும் ஒப்பந்த நியமனம் நுழைந்தால், இடஒதுக்கீடு சட்டத்தில் இருக்கும், பணிமனையில் இருக்காது.

ஆகவே நம் கோரிக்கை பழைய அரசுக் கழகத்தை அப்படியே காப்பாற்றுவது அல்ல. வழித்தடமும் நிறுத்தமும் மக்களின் தேவையால் முடிவாக வேண்டும். நிரந்தரப் பணியும் இடஒதுக்கீடும் தொடர வேண்டும். தனியாருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு உரிமத்திலும், சேரியில் நிறுத்துவதும் வேலையில் பங்கு தருவதும் மீற முடியாத நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். ஜில்லா போர்டு காலத்தில் ஓர் உத்தரவால் முடிந்தது, இன்றைய அரசால் முடியாதா?