ஒரே பாட்டு, இரண்டு வீடுகள்

பார்பரா ஸ்ட்ரைசாண்டும் டோனா சம்மரும் 1979-இல் சேர்ந்து பாடிய 'நோ மோர் டியர்ஸ்' யாருடைய பாட்டு? எந்தத் தட்டில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஸ்ட்ரைசாண்ட் கொலம்பியா நிறுவனத்துப் பாடகி, சம்மர் காஸாபிளாங்காவின் டிஸ்கோ ராணி. இரண்டு நிறுவனங்களும் பாகப்பிரிவினை செய்துகொண்டன. அமெரிக்காவில் ஏழு அங்குலச் சிறு தட்டைக் கொலம்பியா வெளியிட்டது, பன்னிரண்டு அங்குலத் தட்டைக் காஸாபிளாங்கா வெளியிட்டது. தயாரிப்பிலும் அப்படித்தான்: ஸ்ட்ரைசாண்ட் பக்கம் கேரி க்ளைன், சம்மர் பக்கம் ஜார்ஜியோ மொரோடர்.

பாட்டை ப்ரூஸ் ராபர்ட்ஸுடன் சேர்ந்து எழுதிய பால் ஜபாரா இரு வீட்டுக்கும் வேண்டியவர். சம்மர் பாடி ஆஸ்கர் வாங்கிய 'லாஸ்ட் டான்ஸ்' அவர் எழுதியது. ஸ்ட்ரைசாண்டின் 'தி மெயின் ஈவென்ட்' பாட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஸ்ட்ரைசாண்டின் 'வெட்' ஆல்பத்தில் 'நோ மோர் டியர்ஸ்' எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த ஆல்பத்துப் பாடல்களுக்கெல்லாம் தண்ணீர்தான் பொதுச் சரடு. தொடக்கத்தில் மழைப் பேச்சு வருவதும் அதனால்தான். தாளமே இல்லாமல், இரண்டு பெண்கள் மாறி மாறிக் காதல் கசந்த கதையைச் சொல்கிறார்கள். பிறகு இருவரும் ஒரு சுரத்தை விடாமல் நீட்டிப் பிடிக்க, அதன் முடிவில் டிஸ்கோ தாளம் வெடிக்கிறது. ஒலிப்பதிவில் அந்த நீட்டலின்போது மூச்சு போதாமல் முக்காலியிலிருந்து தான் விழுந்ததாகவும், ஸ்ட்ரைசாண்ட் சுரத்தை விடாமல் பாடிக்கொண்டே இருந்ததாகவும் சம்மர் சொல்லியிருக்கிறார். பிராட்வே நாடக மேடையில் பழகிய தொண்டை வேறென்ன செய்யும்! இந்த வடிவில் மனத்தில் நிற்பது அந்த மெதுவான முன்பகுதிதான். பின்னால் வரும் ஆட்டம் அதற்கு வால்.

பன்னிரண்டு அங்குல வடிவம் பதினொரு நிமிடத்தைத் தாண்டுகிறது. முன்பகுதி இங்கும் உண்டு, ஆனால் அதை ஒரு கதவாகக் கடந்துவிடுகிறோம். இசைக்கலைஞர் ஹெரால்ட் ஃபால்டர்மயரின் கைவண்ணத்தில் தாளம் முரட்டுத்தனமாகிறது, ராக் வாடை அடிக்கிறது. பெரிய தட்டில் பள்ளங்களை அகலமாக வெட்டலாம் என்பதால் அடிநாதம் அழுத்தமாகப் பதியும். குரல் விலகித் தாளம் மட்டும் ஓடும் இடங்கள் டிஸ்க் ஜாக்கிக்கு உதவும், அடுத்த தட்டை அங்கேதான் கோத்துவிடுவார். இங்கே சம்மர் சொந்த வீட்டில் இருக்கிறார், ஸ்ட்ரைசாண்ட் விருந்தாளி. என் ஓட்டு இதற்குத்தான். 'போதும்' என்று காதலனை வெளியே தள்ளும் பாட்டு இது, அதற்கு எட்டு நிமிடம் போதாது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லத்தான் அந்தக் கோபம் ஆட்டமாகிறது.

வானொலிக்காக ஐந்து நிமிடத்துக்குள் நறுக்கிய சிறு தட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிகாகோவின் கோமிஸ்கி மைதானத்தில் டிஸ்கோ எதிர்ப்பாளர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்த ஜூலை இரவுக்கு நான்கே மாதம் கழித்து, நவம்பரில், பில்போர்டு பட்டியலில் இப்பாட்டு முதலிடத்தைப் பிடித்து இரண்டு வாரம் அங்கே இருந்தது.

1999-இல் நியூயார்க் மேடையில் சம்மர் இதைப் பாடியபோது கூடப் பாடியவர் ஆஸ்திரேலியப் பாடகி டீனா அரீனா.