மேல்மாடி கட்டுமுன் பக்கத்து வளவையும் பாருங்கள்

காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் உம்மாவின் வளவு மகள்மாருக்குப் பிரிந்துகொண்டே போகிறது. மூத்தவளுக்கு இருக்கும் வீடு, இளையவளுக்கு மேலே ஒரு மாடி அல்லது பக்கவாட்டில் இரண்டு அறை. அயலவருடன் மனக்கசப்பு தொடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான்.

எல்லையோடு சுவர் எழுப்பவே முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் வீட்டின் பின்புறத்தில் திறந்தவெளி விடச் சொல்கின்றன. பொதுவாக அது 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி. கட்டடம் உயர்ந்தால் கூடும். பக்கவாட்டின் கதை வேறு. ஜன்னலோ காற்றுத் துவாரமோ இல்லாத வெறுஞ்சுவரை எல்லையில் எழுப்ப இடமுண்டு. ஜன்னல் வைப்பதென்றால் உங்கள் வளவுக்குள்ளேயே இடைவெளி விட வேண்டும். 1986 ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக 2021 இல் புதியவை வந்துள்ளன. ஊருக்கென்று தனி அபிவிருத்தித் திட்டம் இருந்தால் அளவுகள் மாறலாம். ஆகவே மேசன் பாஸின் பேச்சை நம்பி அத்திவாரம் வெட்டாமல் உங்கள் உள்ளூராட்சி சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் மேல்மாடியில்தான் வருகிறது. கீழே வெறுஞ்சுவராக இருந்தது, மேலே போனதும் ஜன்னலாகிவிடுகிறது. அடுத்த வீட்டுப் பெண்கள் தலையில் துணியின்றித் தங்கள் முற்றத்தில் நடமாட முடியாமல் போகிறது. ஜன்னலுக்கு மேல் போடும் கொங்கிறீட் தட்டு ஒன்றரை அடி அடுத்தவர் காணிக்குள் நீள்கிறது, கூரைத் தண்ணீரும் அங்கேயே விழுகிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பது பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்துதான் இதையும் செய்கிறோம்.

“அவர் சம்மதக் கடிதம் தந்தார்” என்பார்கள். அந்தக் கடிதம் சபையின் அனுமதிக்கு ஈடாகாது. காணி சார்ந்த உரிமை செல்லுபடியாக வேண்டுமானால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன் உறுதி எழுதப்பட வேண்டும். வெறுங்கடிதத்தை நாளை அந்த வீட்டை வாங்குபவர் ஏற்கமாட்டார்.

வரைபடத்துக்கு முன் நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மதில்தான் எல்லை என்று எண்ண வேண்டாம். சேர்க்கும் பகுதிக்கும் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும், முடிந்த பின் சி.ஓ.சி. எனும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டப்படி அறிவித்தல் வரும். அதற்கும் அசையாவிட்டால் நீதவான் நீதிமன்றம் இடிக்க உத்தரவிடலாம்.

கட்டி முடிந்தபின் தகராறு வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. ஆனால் சுவர் இரண்டடி உயரத்தில் இருக்கும்போதே அயலவரை அழைத்துக் காட்டினால், ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்பதை ஒரு தேநீரோடு பேசி முடித்துவிடலாம்.