கவரியும் கூந்தலும்

வரலாற்றுக் கட்டுரை என்றால் தலைக்காட்டுக் கங்கரையும் துவாரசமுத்திரத்துப் போசளரையும் எதிர்பார்ப்பது மலர் படிக்கும் அன்பர்தம் வழக்கம். இம்முறை மன்னர் முடியை விடுத்து மகளிர் முடியைப் பற்றி எழுதத் துணிந்தேன். நகைப்புக்குரிய பொருள் என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டா. தாய்நாடு விட்டு மைசூருக்கு வந்து குடியேறிய நம் இல்லங்களில், வந்த சில திங்களுக்குள் சீப்பில் கற்றையாகச் சுருளும் முடியைக் கண்டு, "இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கலங்காத பெண்கள் சிலரே. வகிடு அகன்றுவிட்டது என்பதற்காக நலங்குக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் போகாமல் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுவோரும் உண்டு. முடி போனால் உயிரா போய்விடும் என்று ஆடவர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அத்துயர் எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டுமாயின் ஈராயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

தமிழில் கூந்தலுக்கு எத்தனை பெயர்கள்! குழல், அளகம், ஓதி, கதுப்பு, குரல், ஐம்பால். ஐவகையாக முடிக்கப்படுவதால் ஐம்பால் எனப்பட்டது என்பர் உரைகாரர். தலைவியின் கூந்தலைவிட மணம் மிக்க மலரை நீ அறிந்ததுண்டோ என்று வண்டை வினவும் இறையனார் பாடல் குறுந்தொகையில் இரண்டாவதாக நிற்கின்றது. அதை வைத்தே, மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் ஐயுற்றதும், தருமி பொற்கிழி பெற வந்ததும், நக்கீரர் இறைவனோடு வாதிட்டதும் திருவிளையாடற் புராணத்தில் விரிந்தன. மதுரைச் சங்கம் முழுதும் கூடி ஆராய்ந்த பொருள் அது! கூந்தலுக்கு உரியவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

புகழ்ந்த நாவே அதற்கு ஒரு விலையும் வைத்தது. வள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தில், மயிர் நீங்கின் உயிர் வாழாத கவரிமாவை மானமுடையோர்க்கு உவமையாக்கினார். அவர் கூறியது மாந்தர் அனைவர்க்கும் பொதுவான மானத்தை. ஆயின் மயிரும் மானமும் ஒன்றென்னும் எண்ணம் நாளடைவில் பெண்ணின் தலையில்தான் ஏறி அமர்ந்தது. ஒன்று இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது: இமயத்துக் கவரிமாவின் மயிரை மலைவாணர் கொய்து கயிறும் கூடாரத் துணியும் செய்கின்றனர். கொய்த பின்னும் அது நலமாகப் புல் மேய்கின்றது.

முடி மெலிவதைப் பற்றிப் பெண்ணே வாய்திறந்து கூறிய சொல் பழைய இலக்கியத்தில் உண்டா என்று தேடினால், பாலி மொழியில் கிடைக்கின்றது. வைசாலி நகரத்துக் கணிகையாய் இருந்து பௌத்தத் துறவு பூண்ட அம்பபாலியின் பாட்டு தேரிகாதை என்னும் தொகுப்பில் உள்ளது. வண்டின் நிறம் கொண்டிருந்த கூந்தல் நார்போல் ஆயிற்று என்றும், நெருங்க நட்ட சோலைபோல் அடர்ந்திருந்தது இன்று ஆங்காங்கே அருகித் தோன்றுகின்றது என்றும் அவள் கூறுகின்றாள். அழுகை இல்லை, நாணமும் இல்லை, உள்ளதை உள்ளவாறு சொல்லிச் செல்கின்றாள். நம் மணிமேகலையும் தன்னைத் தொடர்ந்த உதயகுமரனுக்கு நரை மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, கருமணல் போன்ற கூந்தல் வெண்மணலாய் மாறியதைச் சுட்டுகின்றாள். ஆயின் அவள் சுட்டியது பிறள் ஒருத்தியின் தலையை, அதுவும் நரையை. தன் தலையைத் தானே பாடிய அம்பபாலியின் துணிவு பெரிது.

இனித் துயரமான பகுதிக்கு வருவோம். கணவனை இழந்தவள் கூந்தலைக் கொய்து, வளையைக் கழற்றி, அல்லியரிசி உண்டு வாழ்ந்த நிலையைப் புறநானூற்றில் தாயங்கண்ணியார் பாடுகின்றார். பிற்காலத்தில், சிறப்பாக அந்தணர் குலங்களில், அது மழித்த தலையும் முக்காடுமாக இறுகியது. பத்து வயதில் தாலியறுத்த சிறுமிக்கும் விலக்கு இல்லை. பருவம் எய்தியதும் நாவிதர் வரவழைக்கப்பட்டார். முடி நீங்கிய தலை அமங்கலத்தின் அடையாளம் ஆயிற்று. எதிரே வந்தால் சகுனத் தடை என்றனர். இன்று இளம்பெண் ஒருத்தி கண்ணாடி முன் நின்று தன் உச்சந்தலையைக் கண்டு அஞ்சுகையில், அழகு குறைந்ததே என்ற கவலை மட்டும் அங்கே இல்லை. பாட்டியின் பாட்டி பட்ட இழிவின் நிழலும் அக்கண்ணாடியில் விழுகின்றது என்பது என் துணிபு. நோயால் நேர்ந்த குறைக்குச் சமூகம் விதித்த தண்டனையின் முகம் வந்து சேர்ந்துவிட்டது.

அத்தண்டனையை எதிர்த்தோர் வரலாறு நம் இரு நாட்டுக்கும் உரியது. மைசூர் அரசு 1894-ஆம் ஆண்டிலேயே குழந்தை மணத் தடைச் சட்டம் இயற்றி, எட்டு வயதிற்குட்பட்ட சிறுமியரை மணம் செய்வித்தலையும், ஐம்பது கடந்த ஆடவர் பதினான்கு நிரம்பாத பெண்ணை மணத்தலையும் குற்றமாக்கியது. இன்றைய நோக்கில் அது சிறிய அடியே. ஆயினும் இளங்கைம்பெண்கள் தோன்றும் ஊற்றுக்கண்ணை அடைக்க முயன்ற அடி. தமிழகத்தில் மாதவையா 1903-இல் வெளியிட்ட முத்துமீனாட்சி என்னும் நாவல் இளங்கைம்பெண்ணின் துயரைப் பேசியது. 1886-இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி சிறுமியாய் இருந்தபோதே கணவனை இழந்தார். அவர் பெற்றோர் ஊராரின் பழிப்புக்கு அஞ்சாமல் மகளின் தலையை மழிக்க மறுத்தனர், பள்ளிக்கு அனுப்பினர். 1911-இல் அவர் சென்னையில் பட்டம் பெற்றார். பின்னர் இளங்கைம்பெண்களைத் திரட்டிக் கல்வி கற்பித்தார். கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவர்தம் மாணவியர்க்கு விடுதியாயிற்று. மகளின் கூந்தலைக் காத்த ஒரு தந்தையும் தாயும் இல்லையேல் அவ்விடுதியும் இல்லை. கன்னடம் கற்ற நம் பிள்ளைகள் எம். கே. இந்திரா 1976-இல் எழுதிய பணியம்மா என்னும் நாவலைப் படித்துத் தம் அன்னையர்க்குச் சொல்லலாம். பிரேமா காரந்த் அதை 1983-இல் திரைப்படமாக்கினார். தலை மழிக்கப்பட்ட மலைநாட்டுக் கைம்பெண் ஒருத்தியின் நெடிய வாழ்வு அது.

அதே மழித்த தலை, நேர்த்திக்கடன் என்று வந்துவிட்டால் மங்கலமாகிவிடுகின்றது. கபிலை ஆற்றங்கரையில் நஞ்சன்கூட்டு நஞ்சுண்டேசுவரர்க்கும், தமிழரும் கன்னடரும் ஒருங்கே ஏறும் மாதேசுவர மலையிலும், பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்தும் பெண்கள் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிமிர்ந்தே நடக்கின்றனர். திருமலையில் வழங்கும் கதை இன்னும் சுவையானது. பெருமாளின் தலையில் ஆயன் ஒருவன் கோடரியால் அடித்த இடத்தில் முடி முளைக்காமல் வழுக்கை தோன்றிற்று. அதைக் கண்ட நீளாதேவி என்னும் கந்தர்வ மங்கை தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்து அவ்விடத்தில் பொருத்தினாள். அதற்கு நன்றியாகவே அடியார் தரும் முடி அவளைச் சேர்கின்றது என்பர். முடி குறைந்தவர் கடவுளே! பெண் நாணி ஒளிவானேன்?

ஒளிவதற்குத் துணையாய் வந்தது சவுரி. சவரி, சாமரம் என்னும் சொற்கள் எல்லாம் கவரிமாவின் இனமே. கன்னடத்தாரும் சௌரி என்றே வழங்குகின்றனர். மானத்துக்கு உவமையாக நின்ற விலங்கே, மானம் காக்கும் பொய்க்கூந்தலுக்கும் பெயர் தந்தது விந்தை அன்றோ! பிற்காலத்தில் மனித முடியும், அதன்பின் நைலானும் சவுரியாயின. சவுரி வைத்தலில் இழிவொன்றும் இல்லை. ஆனால் மெலிந்த கூந்தலில் கனத்த சவுரியைப் பின்னி, அதன்மேல் தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய மைசூர் மல்லிகையை நாலு சுற்றுச் சுற்றி, சடைநாகமும் பூட்டினால் பாரமெல்லாம் வேரில் விழும். இறுகக் கட்டுவதால் நெற்றியோரத்தில் முடி உதிர்வதை மருத்துவர் 1907-ஆம் ஆண்டிலேயே கிரீன்லாந்து மகளிரிடம் கண்டு எழுதியுள்ளனர். அங்கு மல்லிகை இல்லை. இறுக்கம் மட்டும் இருந்தது. தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கட்டினால் வேர் வடுவாகிவிடும்.

தண்ணீர் பற்றிய வழக்கை இப்போது தீர்ப்போம். நகரின் பெரும்பகுதிக்கு வருவது காவிரியும் கபினியும் தரும் நீர். புறநகர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கலாம். கடின நீரால் முடி சொரசொரப்பாகும், நுனி ஒடியும்; வேரோடு கழன்று விழுவதற்கு அது பெரும்பாலும் காரணம் அன்று. உண்மைக் காரணம் மூன்று திங்களுக்கு முன்னே இருக்கும். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர்ந்து, சில திங்கள் ஓய்ந்து, பின் விழும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, அறுவை, உணவைத் திடீரெனக் குறைத்தல், பெருங்கவலை ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தால் வளர்ந்துகொண்டிருந்த மயிர் பலவும் ஒருங்கே ஓய்வுக்குச் சென்று, இரண்டு மூன்று திங்கள் கழித்து ஒருசேர உதிரும். ஆடியில் கண்ட காய்ச்சலுக்கு ஐப்பசியில் முடி கொட்டும். இடையில் ஊர் மாறியிருந்தால் பழி ஊர் மேல் விழும். கிளிக்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1961-இல் இந்நிலையை ஆராய்ந்து அதற்கொரு பெயரும் இட்டார். நம் மூதாட்டியரோ, குழந்தை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று அதற்கு முன்பே கணக்கிட்டிருந்தனர். பேற்றுக்குப் பின் மூன்றாம் நான்காம் திங்கள் அது. 1918-ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சலுக்குப் பின்னும், 2020 முதல் பரவிய கொரோனாவுக்குப் பின்னும் இதே உதிர்வைக் கண்டனர். இவ்வகையில் உதிர்ந்தது பெரும்பாலும் தானே மீளும். ஆறு திங்களேனும் பொறுத்தல் வேண்டும்.

பொறுத்தும் மீளாதது வேறு. நெற்றிக்கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் ஆண்டுதோறும் அகலுமானால் அது மரபுவழி மெலிவு. லுட்விக் என்னும் ஜெர்மானியர் 1977-இல் அதை மூன்று படிகளாக வகுத்தார். இரத்த அழுத்தத்துக்கென்று ஆக்கப்பட்ட மினாக்சிடில் என்னும் மருந்தை உண்டவர்க்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டு, அதையே தலையில் தடவும் மருந்தாக்கினர். அமெரிக்காவில் ஆடவர்க்கு 1988-இலும் பெண்டிர்க்கு 1991-இலும் அது ஒப்புதல் பெற்றது. தொடக்கத்தில் சில வாரம் உதிர்வு மிகும். அதற்கு அஞ்சியே பலர் நிறுத்திவிடுகின்றனர். கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் அது ஆகாது. நிறுத்தினால் பெற்ற பயன் நீங்கும்.

எண்ணெய்களைப் பற்றிக் கேட்பீர்கள். கரிசலாங்கண்ணியைக் கன்னடத்தார் கருகத சொப்பு என்பர். இரு நாட்டுப் பாட்டிமாரும் அதைக் காய்ச்சியே தேய்த்தனர். நல்லெண்ணெயும் சீகைக்காயும் முடி ஒடிவதைக் குறைக்கும், மினுக்கம் தரும். அழிந்த வேரைப் புதிதாய் முளைக்கச் செய்யும் என்று புட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை நான் நம்புவதில்லை. இரும்புச்சத்துக் குறைந்த உடம்புக்கு வெளியே தேய்ப்பதால் பயன் சிறிது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையோராய் இருந்தனர். எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்ணும் வழக்கத்தை வீட்டார் மாற்றினால் அதுவே பாதி மருந்து. தைராய்டுக் குறையும் முடியை மெலிவிக்கும். வட்டமாக உதிரும் புழுவெட்டோ வேறு நோய். அதற்கு வேறு மருத்துவம் உண்டு. இவற்றைப் பிரித்தறிய எண்ணெய்க் கடை உதவாது.

1924-இல் பெங்களூரில் தொடங்கி 1930-இல் இந்நகருக்கு வந்த மைசூர் மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும் நம் குடியிருப்பிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. தோல் மருத்துவரிடம் செல்வோர் கடந்த ஓராண்டில் கண்ட காய்ச்சல், பேறு, உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றைத் திங்கள் வாரியாகக் குறித்துக்கொண்டு செல்க. தாயார்க்கும் அத்தைமார்க்கும் வகிடு எப்படி இருந்தது என்றும் கேட்டு அறிக. அன்று தலைக்கு எண்ணெய் இட வேண்டா. சவுரியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்லுதல் வேண்டும். மருத்துவர் முன்னும் அதை எடுக்காமல் மறைத்து அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவர் நம்மிடையே உண்டு.