வால்வு கடைந்த காலம்



ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், அந்தக் காலத்துல கார் வச்சிருந்தவங்க வால்வு லீக்கை வீட்டிலேயே சரி பண்ணுவாங்களாமே, நிஜமா?" நிஜம்தான். அந்த வேலை வீட்டை விட்டுப் போன கதையில் ஒரு சரித்திரமே இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு வால்வு. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விட, மற்றது புகையை வெளியே விட. பார்க்கக் காளான் மாதிரி இருக்கும். அதன் விளிம்பு, சாய்வாகக் கடைந்த ஒரு வளையத்தில் போய் உட்காரும். அதுதான் வால்வு சீட். இரண்டும் தொடும் பட்டையின் அகலம் ஓரிரு மில்லிமீட்டர்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூடும். புகை வால்வு எந்நேரமும் கொதிக்கும் சூட்டில் இருக்கிறது. சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான் தன் சூட்டில் பெரும் பங்கை இறக்கி வைக்கிறது. நடுவில் ஒரு கார்பன் துணுக்கு சிக்கினால் போதும், அந்த இடுக்கு வழியாக நெருப்பு பீறிட்டு வால்வின் ஓரத்தைத் தின்னும். பிறகு கசிவு தானாகவே வளரும்.

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றது. வாங்கியவர்களில் ஏராளமானோர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது. கம்பெனி கொடுத்த கையேடு கேள்வி-பதிலாகவே எழுதப்பட்டிருந்தது, அதில் வால்வைத் தேய்ப்பது எப்படி என்பதும் ஒரு கேள்வி. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை செய்யவேண்டிய வேலை அது, நம் ஊரில் ஓடு மாற்றுவது மாதிரி.

எந்த சிலிண்டர் கசிகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி ஏதும் வேண்டாம். முன்னால் இருக்கும் ஹேண்டிலை மெல்லச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் முறைவைத்துக் கையை எதிர்த்துத் தள்ளும். தள்ளாமல் வழுக்கிப் போகிறதே, அதுதான் நோயாளி. சைலன்சர் பக்கம் 'உஸ்' என்றால் புகை வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் உள் வால்வு. இரண்டும் இல்லையென்றால் ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுற்றுவார்கள். கம்பிரஷன் ஏறினால் குற்றம் பிஸ்டன் ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில். நாடி பிடிக்கும் வைத்தியர் தோற்றார் என்பேன்.

பிறகு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கார்பனைச் சுரண்டி, ஸ்பிரிங்கை எடுத்து, வால்வு விளிம்பில் கார்போரண்டம் பொடி கலந்த பசையைத் தடவுவார்கள். சிலிண்டருக்குள் பொடி விழாமல் துணி அடைப்பது முக்கியம். தேய்ப்பது எப்படித் தெரியுமா? ரப்பர் கப் வைத்த ஒரு குச்சி, அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, அம்மா மத்தால் கீரை கடைவாரே, அதே அசைவு. முன்னும் பின்னும் கால் சுற்று. நடுநடுவே தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் வளையம் வளையமாகக் கீறல் விழுந்துவிடும். விளிம்பு முழுக்க சீராகச் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் வேலை முடிந்தது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, பென்சிலால் குறுக்கே கோடுகள் போட்டு, வால்வை வைத்து ஒரு திருப்பு. எல்லாக் கோடும் அழிந்திருந்தால் கசிவு இல்லை.

இந்த வேலை மெல்ல மெல்ல வீட்டை விட்டுப் போனது. நல்ல உருக்கு வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்க்லி என்பவர், டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் பெட்ரோல் எஞ்சினில் 'டக டக' என்று தட்டுவது நின்றுபோவதைக் கண்டார். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம்.) 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. பெயர் 'எத்தில்'. காரீயம் என்ற சொல்லே அதில் இல்லை! 1924 அக்டோபரில் நியூ ஜெர்ஸி சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். பத்திரிகையாளர்கள் முன் மிட்க்லி அந்தத் திரவத்தில் கை கழுவி, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருடமே அவர் காரீய நஞ்சு ஏறி ஃப்ளோரிடாவில் ஓய்வெடுத்தவர். சாராயம் கலந்தாலும் எஞ்சின் தட்டாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். இன்று நம் பங்கில் போடும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதல்லவா, அதேதான்.

காரீயத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. எரிந்தபின் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் நேராக ஒட்டாமல் காத்தது. அதற்காக யாரும் அதைக் கலக்கவில்லை. ஆனால் அந்தக் காவலை நம்பி, சாதாரண வார்ப்பிரும்பிலேயே சீட்டைக் கடைந்து ஐம்பது வருடம் எஞ்சின் செய்தார்கள்.

விலையைக் கொடுத்தவர்கள் வேறு. பூமியின் வயதைக் காரீயத்தைக் கொண்டு அளந்த கிளேர் பேட்டர்சன், 1965இல் மனித உடம்பில் இயற்கைக்கு மீறிக் காரீயம் ஏறியிருப்பதாக எழுதினார். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் வெளியிட்ட ஆய்வுதான் என்னை உலுக்கியது. பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்துக் காரீயத்தை அளந்தார். ஆசிரியர்களிடம் தனியாகக் கேட்டார்: இந்தப் பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறதா, சொன்னதைச் செய்கிறதா என்று. பல்லில் காரீயம் கூடக் கூட, ஆசிரியர் சொன்ன குறையும் கூடியது. பெயின்ட், மண் எனக் காரீயம் வந்த வழிகள் பல, பெட்ரோல் புகையும் அதில் ஒன்று. 'மக்கு' என்ற வார்த்தை வகுப்பறையில் எவ்வளவு சுலபமாக விழும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் 1975 மாடல் கார்களுக்குக் காரீயமில்லாத பெட்ரோல் தேவைப்பட்டது. வால்வுகள் போய்விடும் என்ற கூக்குரலும் எழுந்தது. பயம் பொய்யில்லை. படலம் இல்லாதபோது சூடான வால்வு சீட்டில் துளித்துளியாக ஒட்டிப் பிய்க்கும், சீட் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆனால் மருந்து எளிது: கெட்டியான உலோகத்தில் தனியாக ஒரு வளையம் செய்து பதிப்பது. விமான எஞ்சின்களில் 1930களிலேயே அது இருந்தது.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் காரீயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே. கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

பழைய பெட்ரோல் அம்பாசடரை இன்னும் துடைத்து வைத்திருக்கும் நம் உறவினர்களுக்கு ஒன்று. டாப்பெட் சத்தம் தானாகக் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். சீட் இறங்கி இடைவெளி குறைகிறது என்று அர்த்தம். அளந்து பாருங்கள். அடிக்கடி குறைந்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய், புகை வால்வுகளுக்காவது கெட்டி வளையம் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு கடைவது நீங்களே வீட்டில் செய்யலாம்.