கம்பியில்லாக் கருவியும் உரிமமும்

சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருத்தி மடிக்கணினி ஒன்றை மார்போடு அணைத்தபடி என் இல்லத்துக்கு வந்தாள். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரினள். இப்பொழுது மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பயில்கிறாள். அவளுடைய தாயார் சீட்டுப் பணத்தை எடுத்து, டவுன்ஹால் ரோட்டுக் கடையொன்றில் பழைய கணினியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தது அது. அதிலிருந்த விண்டோஸ் ஆமை நடை நடக்கவே, தோழியிடமிருந்த பென் டிரைவைக் கொண்டு லினக்ஸை நிறுவியிருக்கிறாள். கணினி புத்துயிர் பெற்று ஓடியது. ஆனால், முதல்நாள் வரை வேலை செய்த வைஃபையைத் திரையில் எங்குமே காணவில்லை. மறுநாள் மாலைக்குள் செய்முறைக் கட்டுரையை இணைய வழியே அனுப்பியாக வேண்டும்.

"சார், கெடுத்துப்புட்டேனா?" என்று கேட்டாள். தாயாரின் சீட்டுப் பணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

கெடவில்லை என்று எனக்குத் தெரியும். காட்டுவதற்குத்தான் சற்று நேரமாயிற்று. முதலில், விமானப் படம் போட்ட விசை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. பின்னர் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையைத் தட்டினோம். கணினிக்குள் பொருத்தப்பட்டுள்ள உறுப்புகளையெல்லாம் வரிசையாக எழுதிக் காட்டும் கட்டளை அது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஆக்கியோரைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்றும், உறுப்பைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. இன்டெல் நிறுவனத்தாரின் எண் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணையே தம் அடையாளமாகக் கொண்டனர். இத்தகைய குறும்பு பொறியாளர்களிடமும் உண்டு. எங்கள் பட்டியலில் வைஃபைச் சில்லு இருந்தது. அதை ஆக்கியவர் பெயர் இங்கு வேண்டா.

அடுத்து, கணினி விழித்தெழும்போது தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பைப் படித்தோம். விடை அங்கே கிடந்தது. சில்லைக் கண்டேன், அதற்குரிய இயக்கியும் என்னிடம் உள்ளது, ஆனால் இன்ன பெயருடைய கோப்பு வேண்டும், தேடினேன், கிடைக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி. வருகைப் பதிவேட்டில் பெயர் சொல்லி அழைத்தும் குரல் கொடுக்காத பிள்ளையைப் போன்றது அக்கோப்பு.

அது எத்தகைய கோப்பு? வைஃபைச் சில்லுக்குள் தனக்கென ஒரு சிறு செயலி இருக்கிறது. அது நடக்க வேண்டிய முறைகளைக் கூறும் ஆணைத் தொகுதியை ஃபர்ம்வேர் என்பர். தமிழில் நிலைப்பொருள் என வழங்குகிறோம். பல நிறுவனங்கள் செலவு கருதி அதைச் சில்லிலேயே நிலையாகப் பதித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கணினி அதை ஊட்ட வேண்டும். அந்த ஆணைத் தொகுதியோ நிறுவனத்தின் உடைமை. நிறுவனத்தார் இசைந்தாலன்றிப் பிறர் அதைப் படியெடுத்து வழங்குதல் கூடாது. வழங்க இசைந்தவரும் அதன் உட்பொருளைக் காட்டுவதில்லை. ஆதலின் லினக்ஸ் தொகுப்புகள் சில அதை விலக்கியே வைத்தன.

இணையத்தைத் தரும் கோப்பு இணையத்தில் இருக்கிறது. அதை எடுக்க இணையம் வேண்டும். கிணற்றுக்குள் கயிறு கிடக்கும் கதைதான்! அவளுடைய கைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, டெதரிங் என்னும் வசதியைத் திறந்தோம். கணினி அதைக் கம்பிவழி இணைப்பாகவே எண்ணி ஏற்றுக்கொண்டது. கட்டற்ற மென்பொருள்களினின்று பிரித்து வைக்கப்பட்ட தனிக் களஞ்சியத்திலிருந்து அந்த நிலைப்பொருளைப் பெற்று நிறுவி, கணினியை மீண்டும் எழுப்பினோம். அண்டை வீட்டார் வைஃபைப் பெயர்களெல்லாம் திரையில் வரிசையாகத் தோன்றின. அரைமணி நேர வேலை.

ஆயினும் அந்தக் கோப்பு ஏன் விலக்கி வைக்கப்பட்டது என்பது அரைமணியில் அடங்கும் செய்தியன்று.

1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற இளைஞர் ஓர் அச்சுப்பொறியோடு போராடினார். ஜெராக்ஸ் நிறுவனம் தந்த பொறி அது; காகிதம் அடிக்கடி சிக்கும். சிக்கியதும் பயன்படுத்துவோருக்குச் செய்தி அனுப்புமாறு அதன் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார். மூலநிரலோ மறுக்கப்பட்டது. 1983இல் அவர் அறிவித்த குனூ என்னும் திட்டத்துக்கு அந்த மனக்குறையும் ஒரு வித்து. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல் அதனோடு சேர்ந்தது. ஓர் அச்சுப்பொறியின் இயக்கியில் தொடங்கிய வழக்கு, இருபது ஆண்டு கழித்து வைஃபைச் சில்லின் இயக்கியில் வந்து நின்றது.

அமெரிக்க அரசு 1985இல் சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 1997இல் கம்பியில்லாக் கணினி இணைப்புக்கு முதல் தரநிர்ணயம் வந்தது. 1999இல் வைஃபை என்ற பெயர் சூட்டப்பட்டது. சில்லுகள் பெருகின. இயக்கிகளோ பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்பட்டன. லினக்ஸார் கேட்டபோது, தொழில் மறைபொருள் என்றனர் சிலர். உள்நுட்பத்தை வெளியிட்டால் எவரேனும் அலைவலிமையைக் கூட்டிச் சட்டத்தை மீறுவர் என்று அஞ்சினர் வேறு சிலர். இரண்டாவது காரணத்தை நான் முற்றிலும் தள்ளிவிடமாட்டேன். வானலை எல்லார்க்கும் பொது அன்றோ?

இங்கேதான் சுவையான நிகழ்ச்சி ஒன்று வருகிறது. லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரௌட்டருக்குள் லினக்ஸே இயங்குகிறது என்பதை 2003இல் ஆர்வலர் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸின் உரிமப்படி மூலநிரலை வெளியிட வேண்டும், நிறுவனமும் வெளியிட்டது. ஆனால் அதிலிருந்த பிராட்காம் வைஃபைச் சில்லின் இயக்கி மட்டும் எந்திர மொழியில் மூடியபடியே வந்தது. ஒரு குழுவினர் அத்தகைய மூடிய இயக்கியைப் பகுத்து ஆராய்ந்து, சில்லு எவ்வாறு நடக்கிறது என்பதை மட்டும் விளக்கமாக எழுதினர். மற்றொரு குழுவினர் மூல இயக்கியைக் கண்ணாலும் பாராமல், அந்த விளக்கத்தை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் படியெடுத்தார் என்ற பழி வாராதிருக்க இந்த ஏற்பாடு. தேர்வுக்கூடத்தில் நாற்பதாண்டு நின்றவன் என்ற முறையில், இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். 2006 ஜூனில் வெளியான 2.6.17ஆம் கெர்னல் பதிப்பில் அவ்வியக்கி இடம்பெற்றது. 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. எனினும் நிலைப்பொருள் மூடிய பெட்டியாகவே எஞ்சிற்று.

அப்பெட்டியை என்செய்வது என்பதில் டெபியன் என்னும் லினக்ஸ் குழுவினருக்குள் நெடுநாள் வழக்கிருந்தது. 2011இல் வெளியிட்ட பதிப்பின் கெர்னலிலிருந்து அத்தகைய கோப்புகளை நீக்கினர். கொள்கை நிமிர்ந்து நின்றது. புதிதாக வந்தவர்களின் வைஃபை படுத்துக்கொண்டது. 2022 அக்டோபரில் வாக்கெடுத்து, நிறுவும் தொகுப்பிலேயே அவற்றைச் சேர்க்க இசைந்தனர். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு அவ்வாறே அமைந்தது. அவர்கள் தோற்றனர் என்று சொல்வாருடன் நான் உடன்படேன். நிறுவும்போது பயனாளருக்கு இன்னதைச் சேர்த்தேன் என்று தெரிவிக்கவும், வேண்டாதவர் விலக்கவும் வழி வைத்திருக்கின்றனர்.

உரிமம் என்ற சொல் என் தலைமுறைக்குப் புதிதன்று. என் சிறுவயதில் வீட்டு வானொலிப் பெட்டிக்கே உரிமப் புத்தகம் உண்டு. தந்தையார் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி வருவார். 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமின்றி அத்தகைய கருவியை வைத்திருத்தலே குற்றம். 1980களில் வானொலிக்கு அந்தக் கட்டு நீங்கிற்று. வைஃபை உலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த நம் அரசு இசைந்தது 2005 ஜனவரியில்தான்.

அந்நாளையொட்டியே நம் பக்கத்தில் ஓர் அரிய முயற்சி நடந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. அதனைச் சூழ்ந்த ஊர்களின் சிறு கண் மையங்களில் வந்தமரும் நோயாளரைத் தேனியிலிருந்தே மருத்துவர் பார்த்துப் பேச வேண்டும். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலிவான வைஃபைச் சில்லுகளையும் லினக்ஸ் இயங்கும் சிறு கணினிகளையும் கொண்டு அவ்வூர்களைப் பிணைத்தனர். கோபுரங்களிலும் கூரைகளிலும், ஓர் ஆலையின் புகைபோக்கியிலுங்கூட ஆன்டெனாக்கள் ஏறின.

வீட்டுக்குள் சில அடி தூரம் பேசப் பிறந்தது வைஃபை. ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, பெற்றேன் என்ற மறுமொழிக்குச் சிறிது பொழுதே காத்திருக்கும். வாராவிடில் மறுபடி அனுப்பும். 10, 15 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மறுமொழி வந்து சேருமுன் அதன் பொறுமை தீர்ந்துவிடும். ஆகவே ஆய்வாளர்கள் இயக்கியையே மாற்றினர். ஒவ்வொன்றுக்கும் மறுமொழி என்னும் முறையை நீக்கி, தொகுதி தொகுதியாக மறுமொழி தரவும், இரு முனைகளும் முறைவைத்துப் பேசவும் செய்தனர். அச்சில்லின் அடித்தளப் பகுதி அப்போதும் மூடியே இருந்தது. மேற்பகுதி திறந்திருந்தது, அவர்களுக்கு அது போதுமாயிற்று. 2007இல் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். மறு ஆண்டுக் கட்டுரையில் அவர்கள் எழுதியது இன்னும் சுவையானது: அலைகளைவிட மின்சாரமே தம்மை வாட்டியதாம். மின்னழுத்தம் ஏறியிறங்கிக் கருவிகளைப் பொசுக்கியது; வெகுதொலைவிலிருக்கும் நிபுணரை எதிர்நோக்காமல் உள்ளூர்ப் பணியாளரே பழுதறிந்து திருத்தப் பழக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் அன்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தேனி என்றதும் நிமிர்ந்தாள். கணவாயைத் தாண்டி ஆண்டிபட்டிக் கண் மையத்துக்குத் தன் பாட்டி போய் வந்ததை நினைவுகூர்ந்தாள். புறப்படுமுன், அந்த நிலைப்பொருள் கோப்பை ஒரு பென் டிரைவில் படியெடுத்துத் தரும்படி கேட்டாள். விடுதியில் தோழியின் கணினிக்கும் அதே சில்லாம். படியெடுத்து வழங்க நிறுவனம் இசைவு தந்திருக்கிறதா என்று உரிமப் பத்திரத்தை இருவரும் உட்கார்ந்து படித்தோம். இசைவு இருந்தது. எடுத்துக்கொண்டு, பகல் பேருந்துக்குப் புறப்பட்டாள்.